அறுபத்தாறு

மூன்று நாள் வகுப்பு.
முதல் நாள் கையெழுத்து.
புதுவயல் பெண்கள் பேனாவைப் பிடித்தார்கள்,
குத்தூசியைப் பிடிப்பதுபோல.
மூட்டையைக் குத்தி அரிசி பார்க்கிற கைகள்.
இரண்டு தாள் கிழிந்தது.

இரண்டாம் நாள் பொறுப்பு.
ஒருத்தி தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும்
என்று நான் சொன்னபோது
குஞ்சரம் அடைக்கலமேரியைப் பார்த்தாள்.
அடைக்கலமேரி ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தாள்.
உறுதிமொழிக்கு மட்டும்
ஐந்து கையும் சேர்ந்து நீண்டன.
மில் புகைபோக்கியின் உமிக்கரி
ஐந்திலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது.

மூன்றாம் நாள் வட்டி.
படம் ஏழு: சிரிக்கும் பெண், ஒரு பசு,
பன்னிரண்டு சதவீதம்.
"வெளியில பத்து வட்டி, மீட்டர் வட்டி.
நம்மகிட்ட வருஷத்துக்கே பன்னெண்டுதான்."
எனக்குச் சொல்லித்தந்த குரலிலேயே சொன்னேன்.
படம் ஏழு எனக்குப் பிடிக்கும்.
அதைத் தாண்டினால் நாலரை பஸ் கிடைக்கும்.

சம்சாத் கையைத் தூக்கிக் கேட்கிறவள் இல்லை.
குடோனில் லோடு எண்ணுகிறாள்.
என் வயதுதான் இருக்கும். இடுப்பில் பிள்ளை.

"மேடம், பன்னெண்டு மூட்டை குடோன்ல கெடக்கு.
மாசம் முடிய ஒண்ணு லாரி ஏறுது.
மூட்டைக்கு மாச வாடகை ஒரு ரூவா.
வருஷத்துக்கு எவ்வளவு?"

படத்தைத் திருப்பிப்போட்டு
பசுவின் முதுகுக்குப் பின்னால்
கோடு போட ஆரம்பித்தாள்.
முதல் மாதம் பன்னிரண்டு,
அப்புறம் பதினொன்று, பத்து.
கோடுகள் வரிக்கு வரி குறைந்துகொண்டே போய்
கடைசியில் ஒன்று மட்டும் நின்றது,
எல்லோரும் எழுந்துபோன மீட்டிங்கில்
நோட்டெண்ணும் ஆளைப்போல.

"எழுபத்தெட்டு.
நீங்க கேக்குறது?"

பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினேன்.
வாயைத் திறக்கவில்லை.
"நூத்தி நாப்பத்தி நாலு" என்றது
பின்னாலிருந்து ஒரு குரல்.
எந்தக் குழுவிலும் வாய்ப்பாடு மறக்காத ஒருத்தி
இருந்துவிடுகிறாள்.

"போன மூட்டைக்குமா வாடகை?"

வெளியே வந்து காரைக்குடிக்குப் போன் போட்டேன்.
"ஏழுல நிக்காதீங்க" என்றார் மேனேஜர்.
"அப்படியே எட்டுக்குப் போயிருங்க."
எட்டு: பாஸ்புக்கைப் பத்திரமாக வைப்பது எப்படி.

அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.
போடமாட்டார்கள் என்று நினைத்தது நான் ஒருத்திதான்.
அடைக்கலமேரியின் மகளுக்குத் திங்கட்கிழமை
நர்சிங் பீஸ் கடைசித் தேதி.
திங்கட்கிழமைக்கு எந்தக் கணக்கும் புரியாது.

சம்சாத் தன் பெயருக்குக் கீழே
பொடியாக 66 என்று எழுதினாள்.
"என்னங்க இது?"
"தெரிஞ்சேதான் குடுக்குறேன்னு."

ஆறு மணி பஸ்.
கண்டனூரில் ஒரு பெரிய வீட்டு வாசலில்
டயர் பஞ்சரானது.
பர்மாத் தேக்குத் தூண்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் எண்ணினேன்.
எந்த நெல்லுக்கு, யார் வீட்டு மூட்டைக்கு,
எத்தனை மாதத்துக்கு என்று
தூண் சொல்லுமா?

ராத்திரி என் போன் தவணைச் சீட்டை எடுத்து
அதன் பின்பக்கம் கோடு போட்டுப் பார்த்தேன்.
பாதியில் நிறுத்திவிட்டேன்.
என் கணக்கைவிட, படம் ஏழைக் காட்டி
நான் அனுப்பிவைத்த
நானூறு சொச்சம் பேர்தான்
தூங்கவிடவில்லை.

புதன்கிழமை பள்ளத்தூர்.
புதுக் குழு, மூன்றாம் நாள்.
மேனேஜர் சொல்லாமல் வந்து
பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.
படம் ஆறு முடிந்தது.
தொண்டை கட்டியிருந்தது.
பக்கத்தைத் திருப்பவில்லை.

"யார்கிட்டயாவது
சாக்பீஸ் இருக்குமா?"